சுழி போடாத பக்கங்கள்

உ
ஜூலை 8, திங்கள்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் மிகவும் மரியாதையாகப் பேசுவார். "பிள்ளை ஏதோ கிறுக்கியிருக்கு, குடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். நீங்களும் கொடுத்துவிடுவீர்கள். எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள்.

என் பெயர் மிருதுளா. திண்டுக்கல்லில் பிளஸ் ஒன் படிக்கிறேன். எனக்கு இன்னொரு டைரி உண்டு. நீல அட்டை போட்டது. போன வருடம் பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்தார். "மனசுல இருக்கறதையெல்லாம் இதுல எழுதுடா குட்டி. யாரும் தொட மாட்டோம்" என்றார். நானும் ஒரு நாள் விடாமல் எழுதினேன்.

நேற்று அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய பையில் ஸ்டேப்ளர் தேடினேன். ஒரு பச்சை ஃபைல் இருந்தது. மேலே அம்மாவின் பெயர், வசுமதி குணசீலன். உள்ளே என் டைரியின் ஜெராக்ஸ் பக்கங்கள், மொத்தம் பதினொன்று. அம்மாவைப் பார்க்கிற டாக்டர் சிவப்பு மையில் அங்கங்கே கோடு போட்டிருந்தார். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரே வரிக்கு இரண்டு கோடு. அந்த வரியை இப்போது எழுத மாட்டேன்.

கடைசித் தாள், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு மனநல இல்லத்தில் சேர்ப்பதற்கான படிவம். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். சேர்க்கும் நாள் ஜூலை 29, திங்கள்.

அம்மாவுக்குப் பைத்தியம் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீல டைரியைத் திடீரென்று நிறுத்தினால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும். அதனால் அதிலும் இன்று எழுதினேன். "அம்மா இன்று சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள்." இரண்டும் நடக்கவில்லை. இந்தத் தாள்களை மட்டும் தமிழ்ப் புத்தகத்தின் பிரவுன் அட்டைக்குள் சொருகி வைக்கிறேன்.

உ
ஜூலை 9, செவ்வாய்

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மோட்டார் பம்பு விற்கும் கம்பெனியில் பெரிய மேனேஜர். ஞாயிற்றுக்கிழமைகளில் லாட்ஜ் ஹாலில் விற்பனையாளர்களுக்கு வகுப்பு எடுப்பார். பாடம் எல்லாம் பழங்காலச் சீனப் படைத்தலைவர்கள் சொல்லிவைத்த போர்த் தந்திரங்கள். கோட்டையைப் பிடிக்கிற வழியில் பம்பு விற்பது எப்படி என்று சொல்லித் தருவார். பையன்கள் அவரைப் பின்னால் "சீனா சார்" என்பார்கள். அது அவருக்குத் தெரியும், பிடிக்கும்.

"கஸ்டமர்கிட்ட சண்டை போட்டு ஜெயிக்கறவன் முட்டாள்டா. அவனே வந்து 'சார், நான் தோத்துட்டேன்'னு சொல்லணும். நம்ம சட்டை கசங்கக் கூடாது" என்று ஒரு நாள் எங்கள் வீட்டு ஹாலிலேயே ஒரு பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். கை நடுங்கிச் சாஸரில் கொஞ்சம் சிந்தியது. அப்பா எழுந்து, தானே துணி எடுத்துத் துடைத்தார். "அவளுக்கு உடம்பு முடியலை" என்று அந்தப் பையனிடம் மெதுவாகச் சொன்னார்.

அப்பா அம்மாவை ஒரு தடவைகூட அடித்ததில்லை. யாரிடம் போய் என்னத்தைக் காட்டுவது?

மார்ச்சில் அம்மாவின் போனை ரிப்பேருக்குக் கொண்டுபோனார், திரும்பி வரவில்லை. வாசல் கேட்டை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுத்தான் ஆபீஸ் போவார். சாவி மாடியில் இருக்கும் பத்மா அத்தையிடம். அத்தை அப்பாவின் அக்கா. தினமும் இரண்டு வேளை இறங்கிவந்து, அம்மா மாத்திரை விழுங்குகிறாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். மாத்திரை சாப்பிட்டால் அம்மா குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுவாள். நான் அதையும் நீல டைரியில் எழுதியிருந்தேன். அதுவும் ஜெராக்ஸில் இருக்கிறது.

அப்பாவின் வகுப்புக் குறிப்புகள் புத்தக அலமாரியில் ஒரு கட்டாக இருக்கின்றன. இன்று நான்கு பக்கம் எடுத்துப் படித்தேன். எதிரியின் முகாமுக்கு ஆள் அனுப்புவதைவிட, அந்த முகாமிலேயே ஒருவரைப் பிடித்துவைப்பது மேல் என்று இருந்தது. தான் ஒற்றன் என்பதே அந்த ஆளுக்குத் தெரியாமலிருந்தால் இன்னும் மேலாம்.

உ
ஜூலை 11, வியாழன்

ஜெசிமா வீட்டிலிருந்து லேகா சித்திக்குப் போன் செய்தேன். ஜெசிமா என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்கிறவள். சித்தி அம்மாவின் தங்கை, திருச்சியில் நர்ஸ்.

"எங்கம்மா கேட்டா ரெக்கார்டு நோட்டு வரையறோம்னு சொல்லு" என்றாள் ஜெசிமா. "தவளையோட குடலை வரையற மாதிரியே மூஞ்சிய வச்சுக்க. இப்பவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்க."

சித்தி முதலில் அழுதாள். பிறகு நர்ஸ் மாதிரி பேசினாள்.

"மிருது, நல்லாக் கேளு. அவ தன் காலால நடந்து எங்கிட்ட வந்துட்டாப் போதும். எங்க டாக்டரம்மா பார்த்து எழுதிக் குடுத்தா அந்த ஃபைல் நிக்காது. ஆனா அன்னைக்கு நீ கூட வரக் கூடாது."

"ஏன் சித்தி?"

"நீ மைனர்டி. நீ காணோம்னா அடுத்த நிமிஷம் பிள்ளையக் கடத்திட்டாங்கன்னு கம்ப்ளைன்ட் குடுத்துருவாரு. அப்புறம் போலீஸ் மொத்தமும் அவர் பக்கம். அம்மா முதல்ல வரட்டும். மறுநாள் காலைல பத்து மணிக்கு மகளிர் போலீஸோட நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். ஒரு ராத்திரிதான். இருந்துருவியா?"

இருந்துவிடுவேன் என்று சொன்னேன்.

உ
ஜூலை 12, வெள்ளி

அம்மாவுக்கு மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு குளியலறையில் துப்பிவிடுகிறாள். இரண்டாவது நாளே குழம்பில் உப்புச் சரியாக இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. நானே இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டேன். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "இவளுக்குச் சரியாகவே ஆகாதுடா தம்பி" என்றாள்.

உ
ஜூலை 14, ஞாயிறு

அப்பா காலையிலேயே வகுப்புக்குக் கிளம்பினார். அத்தை மாடியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு அம்மா வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மிருது, பூட்டு இல்லடி."

கேட் ஒரு சாண் திறந்திருந்தது. வெளியே தெரு, வெயில், எதிர்வீட்டுக் கோலம். அம்மா நைட்டியோடு நின்றாள். காலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டாள்.

"பத்து அடி நடந்துட்டு வந்துர்றேன். தெருவுல நடந்து நாலு மாசம் ஆச்சு."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் முந்தின நாள் படித்த பக்கம் ஞாபகம் வந்தது. வளைத்துப் பிடித்த எதிரிக்கு ஒரு பக்கம் வழி விட வேண்டும் என்று அப்பா அதில் எழுதியிருந்தார். நாலு பக்கமும் அடைத்தால் அவன் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவான். வழி தெரிந்தால் ஓடுவான். ஓடுகிறவனைப் பிடிக்க, அந்த வழியின் முனையில் நாலு பேர் போதும்.

மொட்டை மாடிக்கு ஓடினேன். தெருமுனை டீக்கடைக்குப் பக்கத்தில் எங்கள் வெள்ளைக் கார் நின்றது. ஓட்டும் இடத்தில் அப்பா. பின் சீட்டில் ஒரே நிறச் சட்டை போட்ட இரண்டு ஆண்கள், அந்த மனநல இல்லத்து ஆட்களாகத்தான் இருக்கும்.

கீழே வந்து, "அம்மா, செருப்பைக் கழட்டு" என்றேன்.

"ஏன்டி?"

"கழட்டும்மா."

என் குரலைக் கேட்டு உடனே கழற்றிவிட்டாள். என் குரல் அப்பா குரல் மாதிரி இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. இருவரும் உள்ளே போய்ப் பூண்டு உரித்தோம்.

சாயங்காலம் அப்பா வந்ததும், "கேட்டைப் பூட்டாமயே போயிட்டேனாமே? எனக்கும் வயசாகுது" என்று சிரித்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

உ
ஜூலை 16, செவ்வாய்

நாளை ஆடி பிறக்கிறது. ஆடி வெள்ளிக்கு அத்தை மாரியம்மன் கோயிலுக்குப் போவாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவாள். அம்மா வீட்டை விட்டு வெளியே வரும் நேரம் அது ஒன்றுதான். கூழ் ஊற்றும் வரிசையில் பெண்கள் கூட்டம் அடைத்துக்கொண்டிருக்கும். அத்தைக்கு முழங்கால் வலி, உட்கார்ந்துவிடுவாள்.

சித்தியிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது வெள்ளி, ஜூலை 26. பத்தரை மணி. கோயிலின் பின்வாசல்.

நீல டைரியில் வேறு மாதிரி எழுதினேன். சித்தி 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து அம்மாவை அழைத்துப் போகப்போகிறாள் என்று. அப்பா ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கட்டும்.

உ
ஜூலை 19, வெள்ளி

முதல் வெள்ளி. அம்மா போய்த் திரும்பி வந்தாள். பின்வாசலைப் பார்த்து வைத்துக்கொண்டாள். பிரசாதத்தில் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். நாளை உயிரியல் தேர்வு, ஒன்றுமே படிக்கவில்லை.

உ
ஜூலை 20, சனி

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மதியம் சாப்பிட்ட பிறகு அப்பா என் தமிழ் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவர் என் நோட்டுகளைப் பார்ப்பதே இல்லை.

"எழுத்து நல்லாருக்கு. மேல பிள்ளையார் சுழி போட்டிருக்க. நல்ல பழக்கம்." ஒரு பக்கம் திருப்பினார். "எல்லாத்துலயும் போடணும் குட்டி. சிலதுல போட்டு சிலதுல விட்டுட்டா பிள்ளையார் கோவிச்சுக்குவாரு."

அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அது எங்கடா விடப்போகுது? பால்காரன் கணக்குலகூட சுழி போடற ஜென்மம்" என்றாள்.

அப்பா நோட்டை மூடி, என் கையில் கொடுத்தார்.

அறைக்கு வந்து நீல டைரியைத் திறந்து பார்த்தேன். ஜூலை 7 வரை எல்லாப் பக்கத்தின் தலையிலும் சுழி இருக்கிறது. எட்டாம் தேதியிலிருந்து ஒன்றில்கூட இல்லை.

வேண்டுமென்று விடவில்லை. சத்தியமாக எனக்கே தெரியாது. பொய்யை எழுதப்போகிறோம் என்று பேனாவைப் பிடித்ததும் கை அதைத் தாண்டிப் போயிருக்கிறது. இந்தத் தாள்களில் எல்லாம் போட்டிருக்கிறேன். அதில் மட்டும் என்னால் முடியவில்லை. ஏற்கெனவே ஒரு பொய்யின் தலையில் சுழி போட்டதற்குத்தான் இவ்வளவும்.

எட்டாம் தேதியிலிருந்து நான் எழுதியதெல்லாம் பொய் என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கதையும் தெரியும். ஞாயிறு இல்லை என்றால் வேறு எந்த நாள் என்று யோசிப்பார். அம்மா வெளியே வருவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்?

உ
ஜூலை 21, ஞாயிறு

தூங்கவில்லை. யோசித்ததை வரிசையாக எழுதுகிறேன், தப்பு இருந்தால் எனக்கே தெரியட்டும்.

அப்பா அதை ஏன் என்னிடம் சொன்னார்? அமைதியாக இருந்திருக்கலாமே. என்னைக் குத்திப் பார்க்கத்தான். நாளையிலிருந்து சுழி மறுபடி வந்தால், எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது அவர் நீல டைரியை நம்புவதையே விட்டுவிடுவார். வராவிட்டால், நான் ஒன்றும் புரியாத பிள்ளை, சுழி இல்லாத பக்கம் பொய்தான் என்று அதே கணக்கில் இருப்பார்.

அதனால் சுழி போடக் கூடாது. சுழி போடாமல் உண்மையை எழுத வேண்டும்.

குறிப்புக் கட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. படையே இல்லாத ஒரு தளபதி கோட்டைக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பான். வந்த எதிரி, உள்ளே ஏதோ பெரிய பொறி இருக்கிறது என்று பயந்து திரும்பிவிடுவான். அதற்குக் கீழே அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "முட்டாளிடம் செல்லாது. அதிகம் யோசிக்கிறவனிடம் மட்டும்."

அப்பாவைவிட அதிகம் யோசிக்கிறவரை நான் பார்த்ததில்லை.

இன்று நீல டைரியில் எழுதியது இதுதான். "ஞாயிறு என்று எழுதியது சும்மா. 26 வெள்ளி பத்தரை மணிக்குக் கோயில் பின்வாசலில் சித்தி வருவாள். அம்மா போய்விடுவாள்." மேலே ஒன்றும் போடவில்லை.

எழுதி முடித்து, எப்போதும் போலத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

உ
ஜூலை 22, திங்கள்

அம்மாவை அப்பா வெள்ளிக்கிழமை போக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. இன்று ஒன்றும் சொல்லவில்லை.

உ
ஜூலை 23, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டில், "வெள்ளிக்கிழமை நல்லா சாமி கும்பிட்டுட்டு வா வசு. நானும் வரலாம்னு பார்த்தேன், வேற வேலை இருக்கு" என்றார் அப்பா. அம்மா தலையாட்டினாள். நான் ரசத்தைக் குடித்துக்கொண்டே இருந்தேன். நம்பிவிட்டார். அது பொய் என்று நம்பிவிட்டார். அப்படியானால் அவர் வேறு எங்கோ காவல் நிற்பார். எங்கே என்று தெரியவில்லை.

இன்று அந்த வரியை எழுதிவிடுகிறேன். பிறகு தைரியம் வராது.

பிப்ரவரியில் ஒரு நாள் சொல்லாமல் ஜெசிமா வீட்டுக்குப் போய்விட்டு லேட்டாக வந்தேன். அம்மா என்னைக் கன்னத்தில் அறைந்தாள். ஒரே அறை. அடித்துவிட்டு அவளே அழுதாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நீல டைரியில் சுழி போட்டு, தேதி போட்டு, "அம்மா இன்று என் கழுத்தை நெரித்தாள். என்னைக் கொன்றுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதினேன். எழுதியதும் ஆத்திரம் போய்விட்டது. தூங்கிவிட்டேன். அதன்பின் அந்தப் பக்கத்தை மறந்தே போனேன்.

அதற்குத்தான் டாக்டர் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

சாயங்காலம் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்டி. டாக்டர் படிச்சுக் காட்டினாரு. நெரிச்சீங்களாம்மான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

"ஏம்மா?"

"இல்லேன்னு சொன்னா நீ பொய் சொன்ன பிள்ளை ஆயிருவேல்ல. உங்கப்பா பக்கத்துலதான உக்காந்திருந்தாரு. வீட்டுக்கு வந்து உன்னை என்னல்லாம் கேப்பாரோன்னு..." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "அதை விடு. கீரைல பழுத்த இலையா விழுது பாரு, அதைப் பொறுக்கு."

உ
ஜூலை 25, வியாழன்

அம்மா போக மாட்டேன் என்கிறாள்.

"நான் போயிட்டா அந்த மனுஷன்கிட்ட நீ தனியா இருப்பியா? உன்னை விட்டுட்டு எனக்கு என்ன திருச்சி வேண்டிக்கிடக்கு? அந்த எடத்துலயே போய் இருந்துர்றேன். வாரத்துக்கு ஒருநா வந்து பாரு."

சித்தி சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னால் நகர மாட்டாள். அதனால் வேறு சொன்னேன். ஜெசிமாவின் அத்தா நாளை மதியம் மணப்பாறைக்கு வேலையாகப் போகிறார், பள்ளியிலிருந்தே என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சித்தி வீட்டில் விட்டுவிடுவார், மூன்று மணிக்கு நானும் அங்கே இருப்பேன் என்று.

"சத்தியமா?"

"சத்தியமாம்மா."

என் தலையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினாள். பிறகு சீப்பை எடுத்து வந்து, கேட்காமலே எனக்குத் தலை பின்னிவிட்டாள். இறுக்கமாக, நெற்றி இழுக்கும்படி, சின்ன வயதில் பின்னுவது மாதிரி.

உ
ஜூலை 26, வெள்ளி

முதலில் அதை எழுதிவிடுகிறேன். அம்மா போய்விட்டாள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு முதல் பீரியட். என் இடம் ஜன்னலோரம். வெளியே பார்த்தால் பள்ளி கேட்டுக்கு எதிரே, புங்க மரத்தடியில் எங்கள் வெள்ளைக் கார் நிற்கிறது. உள்ளே அப்பா.

கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கோயில் என்பது தன்னை இழுக்க நான் எழுப்பிய சத்தம் என்று நினைத்துவிட்டார். தான் கோயிலுக்கு ஓடும் நேரத்தில் சித்தி பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்கு நான்தான் கோட்டை.

பத்து மணி. கார் நின்றது. பத்தரை மணி. மிஸ் போர்டில் பூவின் குறுக்குவெட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தார். நான் கார் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகாதீங்கப்பா, அங்கேயே இருங்கப்பா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாழ்க்கையில் அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பதினொன்று பத்துக்குக் காரிலிருந்து இறங்கினார். காதில் போன். அத்தையாகத்தான் இருக்கும். அம்மாவைக் காணோம் என்று கத்தியிருப்பாள். அப்பா நின்றபடி கேட்டார். கார்க் கதவைத் திறந்தார். பிறகு கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பள்ளிக் கட்டடத்தின் ஜன்னல்களை வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொன்றாக. என் ஜன்னல் வந்ததும் நின்றார். கை ஆட்டினார். நானும் கை ஆட்டினேன். அவர் போகவில்லை.

ஜெசிமா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டு ஓடிவந்தாள். "சித்தி பேசினாங்க. டாக்ஸி மணப்பாறை தாண்டிருச்சாம். உங்கம்மா வண்டிய நிறுத்தச் சொல்லி முறுக்கு வாங்கினாங்களாம்டி, உனக்குன்னு ஒரு பாக்கெட் தனியா."

பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

நாலு மணிக்கு அப்பா கார்க் கதவைத் திறந்துவிட்டார். ஏறினேன். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் அப்பா கேட்டார்.

"வெள்ளிக்கிழமைதான் நிஜம், இல்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா போன் பண்ணினப்பகூட நம்பலை. இதுதான் என்னை இங்கேருந்து கிளப்பற சத்தம்னு நினைச்சேன்." சிரித்தார். நிஜமான சிரிப்பு. "பதினெட்டு வருஷமா சொல்லித் தர்றேன் குட்டி. எத்தனை பேருக்கு! ஒருத்தனாவது எங்கிட்டயே திருப்பிப் போட்டிருக்கானா? என் பொண்ணு போட்டிருக்கா."

அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

"அம்மா நல்லாருப்பா, கவலைப்படாத" என்றார். "அவ போனது போனதுதான். நான் தேட மாட்டேன்."

வீட்டில் அத்தை தலைவிரிகோலமாகக் கத்தினாள். "கூழு வாங்கப் போனவ போனவதான்டா! அனுப்பினது நீதானேடா!" அப்பா அவளை மாடிக்கு அனுப்பிவிட்டார். எனக்குத் தோசை அவரே வார்த்துப் போட்டார். மூன்று தோசை. சாப்பிட்டேன். அம்மா மூன்று மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இன்று வர மாட்டேன் என்று சித்தி இதற்குள் சொல்லியிருப்பாள்.

இப்போது ஹாலில் போன் பேசுகிறார். கதவில் காதை வைத்துக் கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆமா டாக்டர். அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா, அதை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப பயமெல்லாம் பொண்ணைப் பத்தித்தான்... அதே மாதிரிதான் ஆரம்பிச்சிருக்கு... இல்ல, அடிக்கல்லாம் இல்ல. நடக்காததையெல்லாம் நடந்த மாதிரி எழுதறா. அம்மா தலை பின்னினா, சிரிச்சா, ரயில்ல வர்றாங்க, கூட்டிட்டுப் போறாங்கன்னு. தேதி போட்டு... ஆமா, டைரி முழுக்க. என்கிட்டதான் இருக்கு. அம்மா கழுத்த நெரிச்சான்னுகூட எழுதியிருக்கா. இப்ப பார்த்தா அதுவும் கற்பனைதானோன்னு... பாவம், குழந்தை... காலைல எட்டு மணிக்கா? சரி. ரெண்டு பேரை மட்டும் அனுப்புங்க, பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

தலையணைக்கு அடியில் பார்த்தேன். நீல டைரி இல்லை.

சித்தி பத்து மணிக்கு வருவாள். எட்டு மணிக்கு அவர்கள் வருவார்கள். அப்பாவுக்குச் சித்தி வரும் நேரம் தெரியாது. இந்த ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் எப்படியாவது இந்த அறையிலேயே இருந்துவிட்டால் போதும். கட்டிலை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பார்த்தேன். சத்தம் போடுகிறது. கத்தினாலும் ஆகாது, கத்துகிற பிள்ளையைத்தான் அவர்கள் தேடி வருகிறார்கள். நான் சரியாகத்தான் இருக்கிறேன் என்று யாரிடம், எதைக் காட்டி

போனை வைத்துவிட்டார். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம். அம்மாவின் மாத்திரை டப்பா குலுங்குகிறது. ஸ்பூன் டம்ளரில் படுகிறது, ரொம்ப நேரமாகக் கலக்குகிறார்.

செருப்புச் சத்தம்.

கதவைத் தட்டுகிறார்.

"குட்டி, தூங்கிட்டியா? பால் கொண்டு வந்திருக்கேன்."

நான் பால் குடிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெ